தன் வீட்டைக் கடைசியில் தேடிய கணனி

கரையோர நீர்ப்பங்கீட்டு அதிகாரசபையின் கல்முனைக் கந்தோரில் ஒரு கணனி இருந்தது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி உள்ளே போய்விடும் என்று முதலில் காரணம் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குள் காரணத்தை எல்லோரும் மறந்து, அந்த வாசலுக்கு வந்தாலே குரலைத் தாழ்த்திக் கதைக்கிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. பணிப்பாளர் நல்லரெத்தினம் அந்த அறைக்குள் தும்மினால் மன்னிப்புக் கேட்பார். யாரிடம் கேட்கிறார் என்பது தெளிவில்லை.

அந்த அறைக்குள் எட்டு மணித்தியாலம் வெறுங்காலோடு இருப்பது ஆகிலாவின் உத்தியோகம். கொழும்பில் கணனி படித்துவிட்டு, இரண்டு வருடமாக மாவடிப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இருபத்தெட்டு வயதுப் பெண். கெட்டிக்காரி. அவள் பட்ட பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம். கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் இந்நேரம் பதவி உயர்ந்திருப்பாள்.

கணனிக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு, எல்லா வயலுக்கும் ஒரே நாளில் விட முடியாது. கண்டம் என்றால் ஒரு வாய்க்காலில் பாய்கிற வயல் தொகுதி. இன்றைக்கு இந்தக் கண்டத்துக்கு முறைத் தண்ணீர் என்று காலையில் ஒரு துண்டுக் கடதாசி அச்சடிக்க வேண்டும். பணிப்பாளர் அதில் கையெழுத்து வைப்பார். பியோன் சாமித்தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய், சம்மாந்துறைக்கு அப்பால் தலைவாய்க்காலில் நிற்கிற வட்டவிதானை றஸாக்கிடம் கொடுப்பார். வாய்க்கால் கதவைத் திறக்கிறவர் அவர்தான். பத்தரைக்குப் பிறகு அணைக்கட்டில் ஆள் நிற்கக் கூடாது என்பது பக்கத்து இராணுவ முகாமின் கட்டளை. பத்தரைக்குள் துண்டு போகாவிட்டால் அந்தக் கண்டத்தின் முறை போயிற்று. அடுத்த முறைக்குப் பத்து நாள்.

கையால் எழுதிக் கொடுத்தால் என்ன? கையால் எழுதிய துண்டு செல்லாது என்று சுற்றுநிருபம் உண்டு. முதல் நாளே அச்சடித்து வைத்தால்? துண்டின் திகதியை அன்றைக்குக் கணனிதான் போட வேண்டும் என்று இன்னொரு சுற்றுநிருபம். கணனியை அணைக்காமல் விட்டால்? நாலரைக்கு வயரைக் கழற்றி அலுமாரியில் பூட்டி, சாவியைப் பணிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மூன்றாவது. ஒரு வழியையாவது அடைக்க மறந்திருந்தால் அப்புறம் என்ன அதிகாரசபை!

இந்தத் துண்டு அச்சடிக்கும் நிரலை எழுத, உலகத்தில் இருந்த கணனி மொழிகள் எதையும் தலைமைக் கந்தோர் நம்பவில்லை. சொந்தமாகவே ஒரு மொழியைச் செய்தது. அதற்குத் தாரை என்று பெயர். ஒரு மொழியில் எழுதியதைத் தூக்கி நடத்த அடியில் ஒன்று வேண்டும், அதை ரன்டைம் என்பார்கள். ரன்டைம் எழும்புவதற்கு அதற்குச் சொந்தமான நூலகங்கள் நாலு வேண்டும். நூலகம் என்றதும் புத்தகத்தை நினைக்க வேண்டாம். இவை துணைக்கோப்புகள். எண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, திகதிக்கு ஒன்று, அச்சு மெசினோடு கதைக்க ஒன்று. நாலும் ரன்டைமோடு ஒரே டிஸ்கில் வந்தவை, அதன் வீட்டிலேயே பக்கத்தில் கிடப்பவை.

அப்படியிருந்தும் காலையில் கணனியைப் போட்டால் துண்டு வர எழுபது நிமிடம் எடுத்தது. திறந்துவைத்த நாளில் ஒன்பது நிமிடமாக இருந்தது, பிறகு கிழமைக்குக் கிழமை ஏறியது. ஏன் ஏறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெசின் பொறுப்பாக வேலை செய்கிறது என்று நினைத்தார்கள்.

ஆகிலா ரன்டைமின் நிரலைத் தாள் தாளாக அச்சடித்து எடுத்து ஒரு கிழமை வாசித்தாள். எண் நூலகம் வேண்டுமென்றால் ரன்டைம் முதலில் கணனியில் கோப்புகளைப் போட்டுவைக்கும் மற்ற அடைவுகள் எல்லாவற்றிலும் அகர வரிசையில் போய்த் தேடும். ஒவ்வொரு வாசலிலும் பெயர் கேட்டுப் பதிவேட்டில் எழுதும். பதிவுக்குத் திகதி போட வேண்டும். திகதி நூலகம் இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே இடம் விட்டுவைத்துவிட்டு, கிடைத்த பிறகு திரும்ப வந்து நிரப்பும். எல்லா இடமும் தேடி முடித்துக் கடைசியாகத்தான் தன் வீட்டுக்கு வரும். அங்கே எண் நூலகம் இருக்கும். எடுத்துவிட்டு, எழுத்து நூலகத்தைத் தேடி மறுபடியும் முதல் அடைவிலிருந்து புறப்படும். ஒவ்வொரு சுற்றுநிருபத்துக்கும் ஓர் அடைவு என்ற விதிப்படி அடைவுகள் நானூற்றுப் பன்னிரண்டு. புதிய சுற்றுநிருபம் வரும்போதெல்லாம் ரன்டைமுக்குத் தேட இன்னுமொரு வீடு.

அந்த இடத்தில், நிரலின் ஓரத்தில், எழுதிய புண்ணியவான் ஒரு குறிப்பும் வைத்திருந்தான்: சொந்த இடத்தில் முதலில் தேடுவது பாரபட்சமாகும்.

ஆகிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் காலையில் காரைதீவுச் சந்தி இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடந்துபோய், மறுபக்கம் அதே பஸ்ஸில் ஏறுகிறவள்தான். கந்தோர் கேற்றில் இருக்கும் இடாப்பில் ‘யாரைச் சந்திக்க வேண்டும்’ என்ற கட்டத்தில் இரண்டு வருடமாகத் தன் பெயரையே எழுதி வருகிறவள்தான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் பதினொரு வரி எழுதினாள். கேட்கப்படுவது ரன்டைமின் சொந்த நூலகம் என்றால் நேரே வீட்டுக்குப் போ, நாலையும் எடு, தேடாதே, கேள்வி கேட்காதே. வெளியிலிருந்து வரும் கோப்புகளை வழக்கம்போல் சோதி. அவ்வளவுதான். போட்டுப் பார்த்தாள். நாலு செக்கன். மணிக்கூட்டை நம்பாமல் மூன்று தரம் அணைத்துப் போட்டாள். மூன்று தரமும் நாலு செக்கன்தான்.

அவளுக்கு இதில் அவசரம் இருந்தது. வாப்பா கச்சிமுகம்மதுவின் மூன்று ஏக்கர் மாவடிப்பள்ளிக் கண்டத்தில் குடலைப் பருவத்தில் நின்றது. நெற்பயிர் வயிற்றுக்குள் கதிரை வைத்துக்கொண்டு நிற்கிற நாட்கள் அவை. அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே நெல் இருக்காது. கண்டத்தின் போன முறை ஏழு நிமிடத்தால் தவறிவிட்டது. சாமித்தம்பி அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து முப்பத்தேழு, முகாம்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. எட்டாம் திகதி வருகிற முறையும் தவறினால் கண்டத்தின் முந்நூறு ஏக்கரும் பதர்தான்.

“மகள், அந்த மெசினுக்கு என்ன வருத்தம், சுகமில்லையா?” என்று கேட்டார் கச்சிமுகம்மது.

“வருத்தமொண்டும் இல்ல வாப்பா. அது தன்ட சாமானத் தேடுது.”

“எங்க வெச்ச?”

“வெச்ச இடத்திலதான் இரிக்கி.”

“வெச்ச இடத்தில இரிக்கிறத்தையா எழுவது நிமிசம் தேடுது?”

“ஓம் வாப்பா.”

“படிச்ச மெசின்தான்,” என்றார்.

பதினொரு வரியைக் கணனியில் நிரந்தரமாகப் போட, கணனிப் பரிசோதனைக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவில் ஏழு பேர். நடுநிலை கெட்டுவிடும் என்பதால் கணனியைத் தொட்டவர் எவரையும் அதில் சேர்ப்பதில்லை. தலைவர் மீராசாஹிபு ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகத்தர். கூட்டம் முதலாம் திகதி காலை கூடியது. முதல் ஒரு மணித்தியாலம் போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். போன கூட்டத்தில் அதற்கு முந்திய கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டதாக அதில் இருந்தது.

“மிஸ் ஆகிலா, நீங்க சொல்றது எனக்கு நல்லா விளங்கிட்டு,” என்றார் மீராசாஹிபு. “சொந்த நூலகத்தச் சோதிக்காம எடுக்கணும். அப்படித்தானே?”

“ஓம் சேர். அது வெளியால வந்த சாமான் இல்ல. ரன்டைம்ட ஒரு பகுதிதான். அத நம்பாட்டி ரன்டைமையே நம்ப ஏலாதே.”

“அப்ப ரன்டைமையும் சோதிக்கணும் எண்டு சொல்றீங்க,” என்று அவர் குறித்துக்கொண்டார். பிறகு பேனையை மூடிவிட்டு எழும்பி நின்றார். எழும்பினால் பேச்சு என்று அர்த்தம்.

“நான் முப்பது வருசம் சேவை செஞ்சிரிக்கன். இந்த முப்பது வருசத்தில ஒரு கடதாசியையும் நான் நம்பினதில்ல. ஆக்களையும் நம்பினதில்ல. ஒருக்கா லீவு விண்ணப்பமொண்டு வந்திச்சி. கையெழுத்தப் பார்த்தன், சந்தேகமாக் கிடந்திச்சி, நிராகரிச்சன். மறுகாத்தான் தெரியும், அது என்ட லீவு. மகள்ட கலியாணத்துக்குக் கேட்டது. போகல்ல. நடைமுறை எண்டா அதுதான்!”

குழு கைதட்டியது. ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பணிப்பாளர் நல்லரெத்தினமும் தன் பங்குக்கு எழும்பினார். “ஒரு விசயத்த நாம யோசிக்க வேணும். எழுபது நிமிசம் ஓடுற மெசினப் பார்க்கத்தான் மேலிடத்து ஆக்கள் வாறாங்க. வெளிச்சம் மின்னுது, சத்தம் கேக்குது, பார்த்திட்டுச் சந்தோசமாப் போறாங்க. நாலு செக்கன்ல முடிஞ்சா என்னத்தக் காட்டுற? மிச்ச நேரம் நீங்க எல்லாரும் என்ன செய்யிறீங்க எண்டு கேட்டா என்ன மறுமொழி சொல்லுற?”

ஆகிலா ஓரடி முன்னால் வந்தாள். “சேர், எட்டாந் திகதி மாவடிப்பள்ளிக் கண்டத்தின்ட முறை. பயிர் குடலையில நிக்கிது. அதுக்கு முதல் இதப் போட்டாத்தான்…”

“உங்கட வாப்பாக்கும் அந்தக் கண்டத்தில காணி இரிக்கா?” என்று கேட்டார் மீராசாஹிபு.

“ஓம் சேர்.”

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் ரன்டைமின் ஓரக் குறிப்பில் ஏற்கெனவே வாசித்திருந்தாள்.

இருந்தாலும் குழு அவளது யோசனையைப் பாராட்டி ஏற்றுக்கொண்டது. ஒரேயொரு நிபந்தனைதான். சொந்த நூலகத்தை நேரே எடுப்பதற்கு முன்னர், அப்படி எடுக்கக் குழு அனுமதித்திருக்கிறதா என்பதை ரன்டைம் ஒவ்வொரு முறையும் உறுதிப்படுத்த வேண்டும். அனுமதிக் கடிதம் ஒரு புதிய அடைவில் இருக்கும். எந்த அடைவு என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது முறையல்ல, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு நூலகத்துக்கும் தனித்தனியாக, ஒவ்வோர் அடைவிலும் உள்ள கடிதங்களையெல்லாம் வாசித்துப் பார்த்து. இந்த மாற்றத்தையும் ஆகிலாவே எழுத வேண்டும்.

எழுதினாள். துண்டு வர இப்போது நூற்றுப் பதினெட்டு நிமிடம் எடுத்தது. ‘மேம்படுத்தல் பூர்த்தி’ என்று அறிக்கையில் பதிந்து, கந்தோரில் எல்லோருக்கும் மஸ்கட் இனிப்புக் கொடுத்தார்கள். ஆகிலா தன் பங்கைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்தாள்.

எட்டாம் திகதி வந்தது. எட்டரைக்குக் கணனியைப் போட்டால் துண்டு பத்து இருபத்தெட்டுக்கு வரும். தலைவாய்க்காலுக்கு மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிடம். கூட்டிப் பார்க்கக் கணனி தேவையில்லை. ஆகிலா கைப்பையில் பழைய பதினொரு வரி உள்ள பிளொப்பி டிஸ்கை வைத்துக்கொண்டு போனாள்.

சாவி வாங்கி, அலுமாரி திறந்து, வயரை மாட்டி, எட்டு முப்பத்துநாலுக்குத் துண்டு கையில் இருந்தது. மாவடிப்பள்ளிக் கண்டம், திகதி எட்டு, எல்லாம் சரி. செருப்பை மறந்து வெறுங்காலோடு பணிப்பாளரின் அறைக்கு ஓடினாள்.

நல்லரெத்தினம் துண்டைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். துண்டை விளிம்பில் பிடித்து மேசையின் மறுபக்கம் வைத்தார்.

“இது எப்பிடி வந்தது?”

“மெசின்லதான் அடிச்ச சேர். எல்லாம் சரியா இரிக்கி. கையெழுத்த மட்டும் வைங்க சேர், நேரம் போகுது.”

“சரியா இருக்குதா எண்டு நான் கேக்கல்ல தங்கச்சி. மெசின் நூத்திப் பதினெட்டு நிமிசம் எடுக்க வேணும். இது நாலு நிமிசத்தில வந்திருக்கு. மிச்சம் நூத்திப் பதினாலு நிமிசமும் எங்க?”

“அது… தேடுற நேரம் சேர். தேடல்ல.”

“தேடாம வந்த கடதாசியில நான் கையெழுத்து வைக்கிறதா?” அவர் பயந்துதான் போயிருந்தார். “கொஞ்சம் இருங்க. பத்து இருபத்தெட்டுக்கு வைக்கிறன். அது வரைக்கும் இது இங்க கிடக்கட்டும்.”

“பத்து இருபத்தெட்டுக்கு வெச்சா பத்தரைக்கு எப்படிச் சேர் போற?”

“அது போக்குவரத்துப் பிரிவின்ட விசயம்,” என்று சொல்லிவிட்டு, மீராசாஹிபுவுக்குத் தொலைபேசி எடுத்தார். இலக்கம் விழவில்லை. மறுபடி சுழற்றினார். ஆகிலா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு நாற்பது. எட்டு நாற்பத்தைந்து. எட்டு ஐம்பதுக்கு இலக்கம் விழுந்தது. அவர் “சேர், ஒரு பாரதூரமான விசயம்” என்று நாற்காலியைத் திருப்பியபோது, அவள் கையை நீட்டித் துண்டை எடுத்தாள்.

வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றைச் சொல்லாமல் எடுத்திருக்கிறாள். கேற்றில் இடாப்பை நீட்டினார்கள். நின்று, வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறினாள். பழக்கம் விடுமா?

காரைதீவுச் சந்தியில் அன்றைக்கென்று வரிசை நீளமாக நின்றது. ஒன்பது பத்துக்கு நின்றவளின் முறை ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தது. ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், கையிலிருந்த துண்டைப் பார்த்தான், செருப்பில்லாத காலைப் பார்த்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

“வதுர,” என்றாள். தண்ணீர் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவள் வாயில் வந்த ஒரே சிங்களச் சொல் அது.

அவன் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஆகிலா வெயிலில் நின்று, தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினாள். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் போனார்கள். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அவன் வந்து துண்டை நீட்டி, போகச் சொல்லிக் கைகாட்டினான்.

ஓட்டோவை விட்டு இறங்கி அணைக்கட்டில் அவள் ஏறும்போது பத்து இருபத்தொன்று. சரளைக் கல் காலைப் பிய்த்தது. றஸாக் வேப்ப மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், துண்டை வாங்கினார். பார்க்கவில்லை. கம்பியில் குத்தியிருந்த பழைய துண்டுகளோடு அதையும் குத்திவிட்டு எழும்பிப் போய், இரும்புச் சக்கரத்தைச் சுற்றினார். கதவு முனகிக்கொண்டு உயர்ந்தது. தண்ணீர் மாவடிப்பள்ளிப் பக்கம் பாய்ந்தது. ஆகிலா மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடிந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. “றஸாக் காக்கா, அந்தத் துண்டில கையெழுத்து இல்ல.”

“அப்படியா?”

“நீங்க பார்க்கல்லையா?”

“கடதாசி வந்தாத் துறக்கச் சொன்னாங்க. கடதாசியில என்ன இரிக்கி எண்டு பார்க்க ஒரு நாளும் சொல்லல்ல. அது என்ட வேலை இல்ல தங்கச்சி.” அவர் கம்பியைத் தட்டிக் காட்டினார். “போன மாசம் சாமித்தம்பி மாறிக் கொண்டந்தது ஏதோ கூட்டத்துக்கு வரச் சொல்லி அழைப்பு. அதுக்கும் துறந்துதான் விட்ட.”

ஆகிலா அந்தக் கம்பியைப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் அடைவு, ஏழு பேர் குழு, பூட்டி வைத்த வயர், எல்லாம் சேர்ந்து காவல் காத்த கடதாசி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் எட்டு முப்பத்தைந்துக்குக் கந்தோர் கேற்றடியில் சாமித்தம்பி ஒரு கடிதத்தோடு நின்றார். பணி இடைநிறுத்தம். காரணம்: சோதிக்கப்படாத கோப்புகளைக் கணனியில் ஏற்றியமை.

“அண்ணே, எட்டரைக்குத்தானே கந்தோர் துறக்கிற,” என்றாள். “அதுக்குள்ள எப்படி அடிச்ச?”

சாமித்தம்பி நிலத்தைப் பார்த்தார். “நீங்க மெசினுக்குள்ள விட்டிட்டுப் போன பிளொப்பியிலதான் பிள்ளை. இது அவசர விசயம், அதப் போட்டு அடியுங்க எண்டு பணிப்பாளர் சொன்னாரு.”

விசாரணை இரண்டு கிழமை நடந்தது. றஸாக் மீது குற்றம் காணப்படவில்லை. கடதாசி வந்தது, திறந்தார். துண்டு சரியா பிழையா என்பதைக் குழு ஆராயவில்லை, அது அதன் வரம்புக்குள் வராது. ஆகிலாவின் வேலை போயிற்று. அதோடு கச்சிமுகம்மதுவுக்கும் அதிகாரசபையிலிருந்து ஒரு பதிவுத்தபால் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், வரம்பில் நின்று வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“மேற்படி எட்டாம் திகதி, உரிய கையொப்பமின்றித் தங்கள் காணிக்குள் பிரவேசித்த நீரை, பெற்ற அளவிலும் பெற்ற நிலையிலும், இக்கடிதம் கிடைத்துப் பதினான்கு நாட்களுக்குள் தலைவாய்க்காலில் மீள ஒப்படைக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தவறின் குழு நேரில் வந்து மீட்டெடுக்கும்.”

“இன்னொருக்கா வாசி,” என்றார் கச்சிமுகம்மது.

இன்னொரு தரம் வாசித்தாள்.

அவர் குனிந்து ஒரு கதிரிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி, நகத்தால் நசித்தார். வெள்ளையாகப் பால் வந்து பெருவிரலில் நின்றது. அதை மகளுக்கு முன்னால் நீட்டினார்.

“தண்ணி இதுக்குள்ள இரிக்கி எண்டு எழுது. வந்து ஒவ்வொண்டா நசிச்சி எடுத்திட்டுப் போகச் சொல்லு.”

“வருவாங்க வாப்பா,” என்றாள் ஆகிலா.

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. கச்சிமுகம்மது அதை அவள் முகத்தில் கண்டார். விரலைச் சாரனில் துடைத்துவிட்டு, வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெதுவாகப் பார்த்தார். கடிதத்தின் தவணை பதினான்கு நாள். கதிர் வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.